புதுப்பிக்கலாம் சாமியை, சாட்சியை அல்ல

ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி வட்டாரத்தில் நடுகற்கள் நிறைய. ஆநிரை மீட்டு மாண்டவனுக்கும் புலியோடு போரிட்டுச் செத்தவனுக்கும் கல் நட்ட மண் இது. பல ஊர்களில் அந்தக் கல்லே இன்று சாமி. மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பார்கள். சில இடங்களில் பெயின்டும் அடித்துவிடுவார்கள். கல்வெட்டு தேடி வரும் ஆய்வாளருக்கு மனம் பதைக்கும், ஏனென்றால் எழுத்தும் உளிக்கோடும் பூச்சுக்குள் போய்விடுகின்றன. அவருக்கு வேண்டியது எழுத்தைத் தாளில் ஒற்றியெடுக்கும் மைப்படி. கும்பிடுகிறவருக்கோ எதிரில் உயிரோடு நிற்கும் வீரன் வேண்டும். இவர்களில் கல்லுக்கு உண்மையாக இருப்பவர் யார்?

வழிபாட்டு மரபைக் கேட்டால் ஊர்க்காரர் பக்கமே நிற்கும். குடமுழுக்கு வந்தால் கோபுரச் சுதைகள் புது வண்ணம் பெறுகின்றன. தியான சுலோகம் தெய்வத்தின் நிறத்தையும் கைகளையும் ஆயுதத்தையும் சொல்கிறது. கலைஞன் கட்டுப்படுவது அதற்குத்தான்; முன்னிருந்த உருவத்தின் ஒவ்வொரு கோட்டுக்கும் அல்ல. நாடகத் திரை வரைந்த கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் தீட்டிய தெய்வங்கள் நாள்காட்டிகளில் வந்தபோது, பூசையறைகள் அவற்றை மனமாற ஏற்றன. இன்று கைப்பேசியில் காலை வணக்கத்தோடு வரும் முருகனும் அந்த வழியில் வந்தவரே. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பழைய சுவரோவியத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் கண்டறிந்தார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி. பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கின் சில பகுதிகளை அழிக்காமல் உரித்தெடுத்துக் கண்ணாடி இழைப் பலகைகளில் பதித்தது. நாயக்கர் கால ஓவியனும் ஒரு காலத்தின் சாட்சிதான் என்று அவனுக்கும் இடம் கொடுத்த அந்தப் பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அந்த உள்சுற்றுக்குள் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஜவளகிரியில் படிக்கும் ஒரு மாணவிக்கு அந்தச் சுவர் என்றால் அதன் படம்தான். அந்தப் படமும் எளிதில் கிடைப்பதல்ல. பாதை குறுகல், பின்வாங்கி நின்று உயரமான சுவரை ஒரே படமாக எடுக்க இடமில்லை. துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்தால்தான் முழுமை கிடைக்கும்.

அப்படிக் கிடைத்த முழுமையை இணையத்தில் மறுபடி துண்டாக்குகிறோம். சுந்தரரின் திருமணம் தடுக்கப்படுவது, அவர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலை செல்வது என்று ஒரு பக்தனின் வாழ்வு அங்கே தொடராக விரிகிறது. கைப்பேசிக்கு வருவது பெரும்பாலும் ஒரு நடனமங்கை, அல்லது 'ராஜராஜனும் கருவூர்த் தேவரும்' என்று பெயரிட்ட இரு முகங்கள். அந்த இருவர் யார் என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. முழுச் சுவரும் தெரிந்தால் பார்ப்பவரும் அந்த விவாதத்தில் சேரலாம். வெட்டிய படம் முடிவை மட்டும் கையில் கொடுக்கிறது. ஆடல்வல்லானை முகப்புப் படத்தின் வட்டத்துக்குள் அடக்க முயலகனை வெட்டுகிறவர், அருளின் காலடியில் அடங்கிக் கிடக்கும் அறியாமையையும் சேர்த்தே வெட்டுகிறார்.

உதிர்ந்த இடத்தைக் கணினியால் நிரப்புவது இன்னும் மோசம். ஆயிரம் ஆண்டுச் சுவரில் காரை பெயர்ந்த இடமும் வரலாறுதான். அங்கே நாம் தீட்டும் முகம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது சோழ ஓவியன் வரைந்ததல்ல.

அச்சு அசலாகப் படியெடுப்பதிலும் ஆபத்து இல்லாமலில்லை. அஜந்தாவில் ராபர்ட் கில் பல்லாண்டு உழைத்து எடுத்த பிரதிகளில் பெரும்பாலானவை 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போயின. அடுத்து வந்த ஜான் கிரிஃபித்ஸின் பிரதிகளில் பலவும் 1885இல் லண்டனில் எரிந்தன. கோடுகள் தெளிவாகத் தெரியவேண்டும் என்று அவர் காலத்தில் சுவரில் பூசிய வார்னிஷ், நாளடைவில் மஞ்சளித்து மூலத்தையே மறைத்தது. பிரதிமேல் வைத்த ஆசைக்கு மூலம் கொடுத்த விலை அது. இந்த வகையில் கணினித் திருத்தம் எவ்வளவோ மேல். திரையில் எதைச் செய்தாலும் சுவருக்குக் காயமில்லை.

ஆகவே திரைக்காக மாற்றுவதை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஓவியங்களை இணையத்தில் ஏற்றுகிறவர்கள் முழுச் சுவரின் படத்தை முதலில் வைக்கட்டும். வெட்டியதையும் வண்ணம் கூட்டியதையும் அதன் கீழே வைத்து, என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதட்டும். காரை உதிர்ந்த இடத்தை உதிர்ந்தபடியே விடட்டும்.