குல்லத்தைனும் மஞ்சள் நீரும்

கம் பைக்ரோமேட் எனும் பழைய முறையில் படம் அச்சிடும் தம்பி ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத்! படம் கழுவிய மஞ்சள் நீரைக் கிணற்றடியில் ஊற்றுகிறேன். குல்லத்தைன் அளவு நீர், நிறம், மணம், சுவை மாறாதவரை சுத்தம்தானே?"

ஷாபிஈ மத்ஹபை நன்றாகவே ஓதியிருக்கிறார்! ஆனால் அச்சட்டம் நஜீஸுக்குரியது, விஷத்துக்குரியதன்று. ஒளூ கூடுமா என்பது ஒரு மஸ்அலா. அண்டை வீட்டார் குடிக்கலாமா என்பது வேறு மஸ்அலா.

குல்லத்தைன் சுமார் 200 லிட்டர். 1 கிராம் பொட்டாசியம் பைக்ரோமேட்டிலுள்ள குரோமியமோ சுமார் 7,000 லிட்டர் நீரை உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்புக்கு (லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்) கொண்டுவந்துவிடும். அந்நீரில் மஞ்சள் தெரியாது.

நீர்த்துறையில் மலங்கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் செயலென நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். அந்த அசுத்தத்தையாவது கண்டவர் விலகிக்கொள்வார். இதிலிருந்து விலக அவருக்கு வழி ஏது?

ஆகவே தம்பி, கையுறை அணிந்து, கழிவை வாளியில் சேருங்கள். வைட்டமின் சி தூள் போதிய அளவு கரைத்தால் மஞ்சள் மாறிப் பச்சையாகும். குரோமியத்தின் கொடுமை பெரிதும் தணியும். அதையும் சாக்கடையில் விடாமல், புட்டியில் மூடி, அபாயக் கழிவு ஏற்போரிடம் ஒப்படையுங்கள்.

இதுவரை ஊற்றியதற்கு? அண்டை வீட்டாரிடம் சொல்லிவிட்டு, கிணற்று நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். செலவு உங்களுடையது.