பிறவிக் கடலும் பேரலையும்

கடலை அண்டி வாழும் மக்களின் மொழியிலே அலைக்குப் பல பெயர்கள் உண்டு. அலை, திரை, ஓதம், தரங்கம், கல்லோலம் என்பன அவற்றுட் சில. ஓரிடத்தில் நில்லாது அசைவது அலை. அதனாலேயே ஊரூராகத் திரிவதை அலைதல் என்றும், அமைதியற்றுத் தவிப்பதை மன அலைச்சல் என்றும் கூறுகின்றனர். சுருண்டு எழுவது திரை. முதுமையில் தோலில் விழும் சுருக்கத்துக்கும் அதுவே பெயர். பொங்கிப் பெருகுவது ஓதம். வடமொழிவழி வந்த தரங்கம் என்னும் சொல், சோழநாட்டுக் கரையிலுள்ள தரங்கம்பாடியின் பெயரில் இன்றும் நிலைத்திருக்கின்றது. கல்லோலம் என்பது பேரலை. கடல் நிலத்தையே விழுங்குவதைக் கடல்கோள் என்றனர் முன்னோர்.

இத்தனை சொற்கள் இருந்தும், 2004ஆம் ஆண்டு மார்கழி மாதம் 26ஆம் திகதி, பூரணை தினமாகிய ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்ததற்குக் கரையோர மக்களிற் பெரும்பாலானோரிடம் பெயர் இருக்கவில்லை. "கடல் வருகுது" என்று கத்திக்கொண்டுதான் ஓடினார்கள். சுமாத்திராத் தீவை அண்டிய கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த அந்த அலை, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் இலங்கையை அடைந்து 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன் பின்னரே சுனாமி என்னும் யப்பானியச் சொல் சிறுபிள்ளைக்கும் தெரிந்த சொல்லாயிற்று. அந்த மொழியில் அதற்குத் துறைமுக அலை என்று பொருள். தமிழிலே ஆழிப்பேரலை என்றனர்.

இப்பொழுது தேர்தல் வெற்றியும் சுனாமி, விலைவாசி ஏற்றமும் சுனாமி. உவமை கூறுவது குற்றமன்று. ஆயினும், பிள்ளையின் கையைப் பிடித்திருந்தும் அலைக்குப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அவ்வார்த்தையைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கக்கூடும் என்பதை நாவு மறத்தலாகாது.

இதனிலும் கொடிய வழக்கு ஒன்றுண்டு. "அது அவர்கள் செய்த பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய அலை" என்று கூறுவது. வினையுண்டு என்பது சைவத்தின் துணிபு. ஆனால் இன்னாருக்கு இன்ன வினை என்று அளந்து ஊட்டுபவன் இறைவன் ஒருவனே. அந்த அளவுகோல் எந்த உயிரின் கையிலும் கொடுக்கப்படவில்லை. தொட்டிலோடு போன குழந்தையின் கணக்கை வாசிக்க எவருக்கு அதிகாரம் உண்டு?

மணிவாசகப் பெருமான் திருவாசகத்துத் திருச்சதகத்திலே பிறவியைக் கடலாகவும், துன்பத்தை மோதியெறியும் பேரலையாகவும், மாதர் மயக்கத்தைக் கலக்கும் காற்றாகவும், காமத்தைச் சுறாவாகவும் கண்டார். திருவைந்தெழுத்தையே புணையாகப் பற்றிக் கிடந்த தமக்கு இறைவன் கரை காட்டி ஆட்கொண்டான் என்கின்றார். இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அலையில் அகப்பட்டவராக அவர் கூறுவது தம்மையே. கரையில் நின்று, மூழ்குபவனைச் சுட்டி அவ்வுவமையை அவர் கூறவில்லை. அடியார்கள் பேரலையை உவமையாக்கும் முறை இதுவே.

புணை கிடைத்தவன் அடுத்தவனுக்கும் கை கொடுப்பான். 2004இல் கோயில் மண்டபங்களும் பாடசாலைகளும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் வீடிழந்தோருக்குக் கதவு திறந்தன. உள்ளூர்ச் சனங்கள் வீட்டிலிருந்த அரிசியைச் சமைத்துக் கொண்டுவந்தார்கள். வந்தவர் எந்தச் சமயம் என்று கேட்டுச் சோறு பரிமாறவில்லை. அஞ்செழுத்தை ஓதியவர் கையில் அன்று அகப்பையும் இருந்தது. அதுவும் வழிபாடே.

திரை என்பதற்கு மற்றுமொரு பொருள் உண்டு. மூலஸ்தானத்தின் முன்னே தொங்குவதும் திரையே. அது மூடியிருக்கும் நேரத்தில் சுவாமி இல்லை என்று எந்த அடியாரும் எழுந்து போவதில்லை. தீபாராதனை வரை காத்து நிற்கின்றார். துன்பம் ஏன் வந்தது என்று விளங்காத நாட்களும் திரை மூடிய நேரங்களே. அந்நேரத்தில் இழந்தவருக்கு விளக்கம் கூறுவதிலும், அவர் அருகிலே பேசாமல் காத்து நிற்பது மேலான தொண்டு.

ஆண்டுதோறும் அந்த நாள் வரும்பொழுது ஒரு விளக்கேற்றி, திருவைந்தெழுத்தை ஓதி, உறவைக் கடலுக்குக் கொடுத்த ஒரு வீட்டுக்கேனும் போய்வருதல் வேண்டும்.

திருச்சிற்றம்பலம்.