மின்சிக்கனமும் மனிதச் சுயாதீனமும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒருவன் தன் இல்லத்தில் விளக்கை அணைப்பதற்கும், தான் கடமையாற்றும் அலுவலகத்தில் அதனை அணைப்பதற்குமிடையே ஒழுக்கவியல் அடிப்படையில் முக்கிய வேறுபாடொன்றுண்டு. இல்லத்தில் மின்பட்டியல் அவன் கைக்கே வருகின்றது. அலுவலகத்தில் அதனை அவன் கண்ணாற் காண்பதுமில்லை. முன்னையதில் தன்னலமும் சிக்கனமும் ஒருங்கே நிற்கின்றன. பின்னையதிற் சிக்கனஞ் செய்பவன் தனக்கெனப் பெறுவது யாதுமில்லை. ஆதலின், அலுவலக மின்சிக்கனம் பொருளியற் பிரச்சினையாக மட்டுமன்றி அறப் பிரச்சினையாகவும் அமைகின்றது.

இதனை அற்பமானதென ஒதுக்கிவிடவும் இயலாது. 100 வாற்று வலுவில் இயங்கும் கணினியொன்று மாலை ஆறு மணி முதற் காலை எட்டு மணிவரை வீணே இயங்குமாயின் 1.4 அலகு மின் செலவாகும். அத்தகைய நூறு கணினிகளைக் கொண்ட கட்டடத்தில் ஓரிரவின் இழப்பு 140 அலகாகும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த இலங்கையர்க்கு ஓரலகின் பெறுமதியை விரித்துரைத்தல் மிகையாகும்.

இவ்விழப்பைத் தடுக்க இன்று பல டிஜிட்டல் சாதனங்கள் துணைநிற்கின்றன. சில, பயன்படுத்துவாரற்ற கணினியைத் தாமே உறங்கச்செய்கின்றன. சில, மாடிதோறும் செலவாகும் மின்னைத் திரையிற் காட்டுகின்றன. சில, ஊழியர்க்கு நினைவூட்டல் அனுப்புகின்றன. எனினும், எண்ணைக் காட்டுவதால் மட்டும் நற்பயன் விளைந்துவிடாது. கலிபோர்னியாவின் சான் மார்க்கொஸ் நகரக் குடும்பங்களிடையே நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வு இதனை உணர்த்தும். அயலாரின் சராசரிச் செலவு அறிவிக்கப்பட்டபோது, மிகையாகச் செலவிட்டோர் குறைத்தனர். குறைவாகச் செலவிட்டோரோ கூட்டினர். பாராட்டைக் குறிக்கும் சிரித்த முகமொன்று உடன் வரையப்பட்டபோதே அவ்வேற்றம் நீங்கியது. எண் அளவைக் கூறுமேயன்றி நன்று தீதைக் கூறாதென்பது இதனாற் பெறப்படும்.

இனி, சாதனத்தால் தூண்டப்பட்ட சிக்கனம் அறமாகுமா என்பது வினா. வாடிக்கையைக் காக்கும்பொருட்டு நேர்மையான விலை கூறும் வணிகனின் செயல், கடமைக்கு இணங்கியதாயினும் கடமையுணர்வினின்று எழுந்ததன்றென 1785இல் கான்ற் வாதித்தார். திரைக்கு அஞ்சி விளக்கணைக்கும் ஊழியனும் அவ்வணிகனை ஒத்தவனே. ஆயின், நற்செயலைப் பயில்வதாலேயே நற்பண்பு அமைகின்றதென்னும் அரிஸ்டோட்டிலின் கருத்தும் ஈண்டு நோக்கற்பாலது. நினைவூட்டலால் தொடங்கிய வழக்கம் நாளடைவில் நினைவூட்டலின்றியே நிகழுமாயின், அச்சாதனம் ஆசான் நிலையில் நின்று பயன்தந்ததாகும்.

மெய்யான ஆபத்து வேறிடத்துளது. ஒவ்வொரு மேசையின் மின்செலவையும் பதியும் கருவி, ஊழியன் எப்போது அமர்ந்தான், எப்போது எழுந்தான் என்பவற்றையும் பதிகின்றது. சிக்கனத்தின் பெயரால் வந்தது வேவுக்கருவியாக மாறிவிடுகின்றது. தாம் நோக்கப்படும் கணத்தை அறியாமலே எப்போதும் அடங்கியிருக்கும் கைதிகளை மனத்திற்கொண்டு பெந்தம் 1791இல் வெளியிட்ட சிறைத் திட்டத்தினின்று அத்தகைய அலுவலகம் பெரிதும் வேறுபட்டதன்று. அச்சத்தாற் பெற்ற சிக்கனம், கண்காணிப்பு நீங்கியதும் தானும் நீங்கும்.

எனவே, அளவீடு தனியாளைச் சாராது மாடியையோ பிரிவையோ சார்ந்திருத்தல் வேண்டும். அளக்கப்படுவோர்க்கு அது மறைவின்றித் தெரிதல் வேண்டும். மேலதிகாரியின் குளிரூட்டிய அறையும் அவ்வளவீட்டினின்று தப்புதலாகாது. 2005இல் யப்பானிய அரசு கோடைகாலத்தில் அலுவலகங்களின் குளிரூட்டியை 28 பாகையில் வைக்குமாறு கோரியபோது, பிரதமர் கொய்சுமியும் அமைச்சர்களும் கழுத்துப்பட்டியின்றித் தாமே முன்தோன்றினர். கீழோர்க்கு விதித்ததை மேலோர் தாமும் ஏற்றமையே அவ்வேண்டுகோளுக்கு அறவலிமையை அளித்தது.

வள்ளுவர் தனி அதிகாரமாக வகுத்த ஒப்புரவறிதல், பிறர்க்குப் பயன்படுதலைக் கைம்மாறு கருதாக் கடனாகக் கொள்கின்றது. தன் பெயரிற் பட்டியல் வாராத இடத்திலும் பொதுப்பொருளைப் பேணுதல் அக்கடனின்பாற்பட்டதே. சாதனம் செய்யத்தக்கது இழப்பைக் கண்முன் நிறுத்துவதாகும். அதனைத் தன்னிழப்பாகக் கருதும் மனத்தை அலுவலகத்தின் நீதியான நடைமுறையே வளர்க்கவியலும்.