வேலியோரத்து ஹீட் பம்ப்

இங்கிலாந்தில் 2025 மே மாதக் கடைசியில் ஒரு சின்ன விதி நீங்கியது. வீட்டுக்கு வெளியே வைக்கும் ஹீட் பம்ப், பக்கத்து வீட்டு எல்லையிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருந்தால்தான் தனி அனுமதி கேட்காமல் மாட்டலாம் என்று இருந்தது. இப்போது எல்லையை ஒட்டியே மாட்டலாம். நாம் அறிந்த ஏசியைத் திருப்பி ஓட்டுவது போன்ற இயந்திரம்தான் அது. வெளிக்குளிரில் இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. எரிவாயு பாய்லரைக் கைவிட்டு இதற்கு மாறுபவருக்கு அரசு 7,500 பவுண்டு மானியமும் தருகிறது. விதி போனது சரி என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அந்த ஒரு மீட்டர் மனதை விட்டுப் போகவில்லை.

சத்தத்தைப் பொறுத்தவரை அது நல்ல காவலாளி இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சத்தம் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. பம்ப் நிற்பதோ பெரும்பாலும் சுவரோரம். முதுகுக்குப் பின்னே ஒரு சுவர் இருந்தால் சுமார் 3 டெசிபல் கூடும், இரு சுவர் சேரும் மூலை என்றால் 6. இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சந்தில் மாட்டினால் சத்தம் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக முட்டி மோதும். ஆகவே மூலையில் ஒரு மீட்டர் தள்ளி நிற்பது, தோட்டத்தைப் பார்த்து வேலியோரம் நிற்பதைவிட மோசமாகலாம். நியாயக் கணக்கும் இடித்தது. ஐந்து மீட்டர் அகலக் கொல்லை உள்ள வரிசை வீட்டில் இருபுறமும் ஒரு மீட்டர் விட்டால், மிஞ்சும் இடத்தில் சமையலறைக் கதவும் குப்பைத் தொட்டியும் இருக்கும். விசாலமான தோட்டம் உள்ளவருக்கு இந்த விதி ஒரு பொருட்டே அல்ல, இடிபட்டது சின்ன வீட்டுக்காரர்தான். தவிர, சத்தத்துக்கு வரம்பு இன்றும் உண்டு. பக்கத்து வீட்டாரின் சன்னலுக்கு ஒரு மீட்டர் வெளியே 37 டெசிபலைத் தாண்டக் கூடாது.

அப்படியானால் எதை இழந்தோம்? மீட்டருக்குள் வைக்க நினைத்தவர் முன்பு உள்ளூர் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, கவுன்சில் பக்கத்து வீட்டுக்குத் தெரிவிக்கும். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தை அறிவது சுவரில் துளை போடும் சத்தத்தைக் கேட்டுத்தான். போனது தூரம் அல்ல, ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய கட்டாயம். நாய் குரைக்கிறது, பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள், அதற்கெல்லாம் அக்கம்பக்கத்தில் கேட்டுக்கொண்டா இருக்கிறோம் என்று கேட்கலாம். நாய் தூங்கும். பம்ப் மும்முரமாக ஓடுவதே ஊர் அடங்கிய கடுங்குளிர் இரவில்தான். ஈரக்குளிரில் அதன் குழாய்களில் உறைபனி படியும். மின்விசிறி நின்றுபோகும், உஸ்ஸென்ற ஒலியோடு பனி உருகி ஆவி கிளம்பும், பிறகு மறுபடி உறுமத் தொடங்கும். சீரான சத்தம் பழகிவிடும், இந்த ஏற்ற இறக்கம் எளிதில் பழகாது. குளிர்காலத்தில் சன்னல் மூடித்தானே இருக்கும் என்பது பெருமளவு உண்மை. ஆனால் தாழ்ந்த ரீங்காரத்தைக் கண்ணாடி முழுதாகத் தடுப்பதில்லை. தொல்லை என்றால் 1990ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி கவுன்சிலிடம் முறையிடலாமே என்றால், முறையிடலாம். அதற்குள் குழாய் போட்டு, சிமென்ட் பூசி, பணமும் கொடுத்தாகியிருக்கும். உறவு கெட்டிருக்கும். பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கத் தொடங்கினால் அவர் கையில் தடை அதிகாரம் போய்விடும், கரியமிலவாயுவைக் குறைக்கும் வேலை நின்றுவிடும் என்ற வாதம்தான் கனமானது. அதற்கு என் பதில், கலந்து பேசுவது வேறு, ஒப்புதல் வாங்குவது வேறு என்பதே.

வேடிக்கை என்னவென்றால், சட்டம் எடுத்த தூரத்தைப் பம்புக்குள் சுற்றும் வாயு திரும்பக் கொண்டுவருகிறது. புதிய பம்புகள் பலவற்றில் ஓடுவது புரொப்பேன். காற்றைவிடக் கனமானது, தீப்பற்றக்கூடியது. அதனால் பம்பைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வட்டம் விட வேண்டும், அது அடுத்தவர் நிலத்துக்குள் நீளக் கூடாது என்று தயாரிப்பாளர்களின் கையேடுகளே சொல்கின்றன.

யார் யாருக்கு இடம் விட வேண்டும் என்று யோசிக்கும்போது 1879ஆம் ஆண்டு லண்டன் வழக்கு ஒன்று குறுக்கே வருகிறது: ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன். இனிப்புப் பண்டக்காரர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிய உரல்களில் இடித்துவந்தார், யாரும் குறை சொல்லவில்லை. பின்பக்கத்து டாக்டர் தன் தோட்டக் கோடியில், அந்தச் சுவரை ஒட்டியே, நோயாளிகளைப் பார்க்க ஓர் அறை கட்டினார். அப்புறம்தான் சத்தம் தொல்லையாயிற்று. தீர்ப்பு டாக்டர் பக்கம். பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1960இல் எழுதிய கட்டுரையில் இதையே எடுத்துக்கொண்டு, கேடு ஒருவழிப் பாதை அல்ல என்றார். உரல் டாக்டரைக் கெடுக்கிறது என்றால், உரலை நிறுத்துவது பண்டக்காரரைக் கெடுக்கிறது. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. வேலியோரத்தில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் குழம்புகிறது. பம்புக்கு எதிரே இன்று சன்னலே இல்லாத சுவர் இருக்கிறது, கணக்கெல்லாம் சரியாக வருகிறது. நாலு வருடம் கழித்து அந்த வீட்டுக்காரர் அங்கே ஒரு படுக்கையறை கட்டினால்? இன்னும் கட்டாத அறைக்கும் சேர்த்து இடம் விட வேண்டும் என்றால் யாரும் எதையும் மாட்ட முடியாது. வேண்டாம் என்றால், முந்திக்கொண்டு மாட்டியவர் அடுத்தவர் வீட்டுக்கும் பிளான் போட்டுவிடுகிறார். இதில் எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.