ஐயத்தோடு அறிந்ததைச் சொல்லலாமா?

ஒன்றை உறுதியாக அறிந்தவன் அதனைச் சொல்லக் கடமைப்பட்டவன். ஒன்றை அறவே அறியாதவன் வாய் மூடியிருக்கக் கடமைப்பட்டவன். இவ்விரண்டிலும் அறிஞர்களிடையே பெரிய பிணக்கு எழுந்ததில்லை. பிணக்கெல்லாம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கும் மனிதனைப் பற்றியதே. அவனுக்கு ஏதோ தெரிகிறது. ஆனால் முழுதும் தெரியவில்லை. ஒரு தீங்கு வரக்கூடும் என்று அவன் அறிவு சொல்கிறது. வராமலும் போகலாம் என்று அதே அறிவு பின்னாலிருந்து முணுமுணுக்கிறது. அவன் ஊராரை எழுப்பிச் சொல்ல வேண்டுமா? பேசாதிருக்க வேண்டுமா?

அரபு மதரஸாக்களில் ஓதியவர்கள் அறிவின் படித்தரங்களைத் தொடக்கப் பாடங்களிலேயே கேட்டிருப்பர். ஐயத்திற்கு இடமேயில்லாத உறுதி ‘யகீன்’. ஒரு பக்கம் கனத்து நிற்பதாகத் தோன்றும் எண்ணம் ‘ளன்’. இரு பக்கமும் சமமாக ஆடும் நிலை ‘ஷக்’. கனம் குறைந்த மறுபக்கம் ‘வஹ்ம்’. மிக நேர்த்தியான பகுப்பு இது. ஆயினும், எதை நம்புவது என்பதற்கு இப்பகுப்பு வழிகாட்டுகிற அளவுக்கு, எதைச் செய்வது என்பதற்கும் வழிகாட்டுமா என்பதில் எனக்கு நெடுநாளாக ஓர் ஐயம் உண்டு. அவ்வையத்தை, அமெரிக்க நாட்டின் புல்வெளியில் 1948ஆம் ஆண்டு வீசிய ஒரு வாரக் காற்றைக் கொண்டு ஆராய்ந்து பார்க்கலாம்.

‘பிரெய்ரி’ என வழங்கும் அப்புல்வெளிப் பெருநிலம், அந்நாட்டின் நடுவே வடக்கிலிருந்து தெற்காகப் பரந்து கிடக்கிறது. மேற்கே ராக்கி மலைத்தொடர் அரணாக நிற்கிறது. வடக்கிலோ தெற்கிலோ அரண் ஏதுமில்லை. ஆகவே கனடாவின் குளிர்காற்று தடையின்றி இறங்கி வரும். மெக்சிகோ வளைகுடாவின் ஈரமான வெப்பக்காற்று தடையின்றி ஏறி வரும். தென்மேற்குப் பாலைப் பகுதிகளின் வறண்ட காற்று மூன்றாவதாக வந்து சேரும். குளிர்காலம் முழுதும் ஒதுங்கி நின்ற இவை வசந்தத்தில்தான் நேருக்கு நேர் மோதுகின்றன. காலையில் கோடையின் புழுக்கம், நண்பகலில் புழுதிக்காற்று, மாலையில் இடியும் ஆலங்கட்டியும், மறுநாள் விடியலில் உறைபனி என ஒரே வாரத்திற்குள் பருவங்கள் அனைத்தும் வந்து போவது அங்கே புதுமையன்று. கீழே ஒரு திசையிலும் உயரே வேறொரு திசையிலும் வேறு வேகத்திலும் காற்று ஓடும்போது, எழும்புகின்ற முகில் சுழலத் தொடங்குகிறது. அச்சுழல் தரையைத் தொட்டால் அதுவே டொர்னாடோ. வாடை, கோடை, கொண்டல், தென்றல் எனத் திசைக்கொரு பெயரிட்ட நம் மொழியில் இதற்குத் திசைப்பெயர் தர இயலாது; எல்லாத் திசைகளும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது.

ஒக்லஹோமா மாநிலத்திலுள்ள டிங்கர் விமானப்படைத் தளத்தில், 1948 மார்ச் 20ஆம் நாள் மாலை, காப்டன் ராபர்ட் மில்லர் என்னும் வானிலை அதிகாரி பணியிலிருந்தார். கலிபோர்னியாவிலிருந்து புதிதாக வந்தவர். புல்வெளியின் வசந்தம் அவருக்குப் பழக்கமில்லை. பலத்த காற்று வீசும் என்று மட்டும் முன்னறிவிப்புச் செய்தார். இடிமுகிலைப் பற்றிக்கூட அதில் பேச்சில்லை. இரவு ஏறக்குறைய 10 மணிக்குச் சுழற்புயல் தளத்தின் ஊடே புகுந்து சென்றது. விமானங்கள் புரண்டன, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் கண்ணாடிகள் சிதறி அங்கிருந்தோரைக் காயப்படுத்தின, இழப்பு ஒரு கோடி டாலருக்கு மேல் எனக் கணக்கிடப்பட்டது.

மறுநாள் விசாரணைக் குழு கூடியது. அன்றைய அறிவு நிலையில் இதனை எவராலும் முன்னறிந்திருக்க இயலாது, இது இறைவனின் செயல், என்று அக்குழு முடிவு கண்டது. ஆங்கிலேயரின் சட்டமரபில் இது பழைய சொல்லாட்சி. மனிதர் எவர்மீதும் குற்றமில்லை என்பதே அதன் பொருள். எல்லாம் இறைவனின் செயலே என்று நம்பும் நமக்கு இச்சொல்லாட்சி சற்று வியப்பளிக்கிறது. காற்று அவன் செயலென்றால், காற்றை உற்றுநோக்கும் கண்ணும் கருத்தும் எவர் செயல்? தக்தீரைச் சொல்லித் தத்பீரைக் கைவிடுவோரை நம் பெரியோர் ஒருபோதும் மெச்சியதில்லை. அக்குழுவும் அத்துடன் நின்றுவிடவில்லை என்பதை நடுநிலையோடு சொல்ல வேண்டும். இனி வரும் புயல்களை முன்னறிந்து காத்துக்கொள்ளும் வழிகளை ஆராய வேண்டுமென அது பரிந்துரைத்தது. தளபதி ஜெனரல் போரம், அப்பொறுப்பை மில்லரிடமும் அவருடைய மேலதிகாரி மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷிடமும் ஒப்படைத்தார்.

இங்கே வாசகர் ஒரு பழைய வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். அச்சமயத்தில் டொர்னாடோ முன்னறிவிப்பு என்பது அமெரிக்க அரசின் வானிலைத் துறையில் ஏறத்தாழ விலக்கப்பட்ட பொருள். 1880களில், ராணுவத்தின் சிக்னல் பிரிவைச் சேர்ந்த ஜான் ஃபின்லி என்பார் இதற்கென உழைத்தார். 1884ஆம் ஆண்டின் வசந்தத்தில், நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, இன்று இம்மண்டலத்தில் டொர்னாடோ உண்டு, இல்லை என்று நாள்தோறும் கணித்தார். 2,803 கணிப்புகளில் 96.6 விழுக்காடு சரியெனக் கணக்குக் காட்டினார். எவரும் மலைத்துப் போகும் எண் இது. ஆனால் கில்பர்ட் என்னும் நிலவியல் அறிஞர் ஒரு சிறு கணக்குப் போட்டார். ஒரு மனிதன் எதனையும் பாராமல், எதனையும் ஆராயாமல், எல்லா நாளும் ‘இல்லை’, ‘இல்லை’ என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அவன் 98.2 விழுக்காடு சரியாக இருந்திருப்பான்!

இக்கணக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. ஃபின்லியின் பெருமையடிப்பை அது உடைத்தது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்றையும் அது காட்டுகிறது. ஃபின்லி ‘உண்டு’ என்று சொன்னது 100 முறை. அவற்றில் நிகழ்ந்தது 28. நிகழ்ந்த புயல்கள் மொத்தம் 51. அவற்றில் 23 அவருக்குத் தப்பின. ‘இல்லை’ என்றே சொல்லும் மனிதனுக்கோ 51ம் தப்பியிருக்கும். அவன் ஃபின்லியைவிட மிகுதியாகச் சரி. ஆனால் எவருக்கும் ஒரு நாளும் பயன்படமாட்டான். குறைவாகப் பிழை செய்பவனே சிறந்த அறிஞன் என்றால், பேசாமல் இருப்பவனைவிடச் சிறந்த அறிஞன் உலகில் இல்லை. வகுப்பில் வாயே திறவாத மாணவன் ஒருபோதும் தவறாக விடை சொல்வதில்லை. அவனை முதல் மாணவனென்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

அதிகாரிகள் பேசாமையையே தேர்ந்தனர். 1880களின் இறுதிக்குள் ஃபின்லியின் முயற்சி நிறுத்தப்பட்டது. 1905ஆம் ஆண்டின் வானிலைத் துறை விதிகள் டொர்னாடோ முன்னறிவிப்பை வெளிப்படையாகவே தடை செய்தன. அத்தடை 1938இல் ஏட்டளவில் நீங்கிய பின்னும் அச்சொல்லைக் கையாள எவரும் துணியவில்லை. சொல்லப்பட்ட காரணம்: மக்கள் பீதியடைவர், புயலால் விளையும் கேட்டினும் பீதியால் விளையும் கேடு மிகுதியாகும் என்பது. இடைக்காலத்தில் காற்று சும்மா இருக்கவில்லை. 1925 மார்ச் 18இல் மிசௌரி, இல்லினாய், இண்டியானா ஆகிய மூன்று மாநிலங்களை ஒரே சுழற்புயல் உழுதுகொண்டு போனது. மாண்டவர் 695 பேர். 1947 ஏப்ரல் 9ஆம் நாள் இரவில், ஒக்லஹோமாவின் உட்வர்ட் என்னும் ஒரே ஊரில் 100 பேருக்கு மேல் மடிந்தனர்.

பீதி என்னும் காரணத்தைச் சிறிது நிறுத்துப் பார்ப்போம். அப்புல்வெளியில் குடியேறிய உழவர்கள், வீட்டை ஒட்டி மண்ணைத் தோண்டிப் புயல் நிலவறை அமைத்துக்கொள்வது வழக்கம். மேற்கில் வானம் கறுத்துப் பச்சை ஓடினால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளே இறங்கிக் கதவைத் தாழிடுவர். ஆகவே டொர்னாடோ என்ற ஒன்று உண்டென்பதை அம்மக்களிடமிருந்து எவரும் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது. மறைக்கப்பட்டது நாளும் நேரமும் மட்டுமே. அச்சத்தோடு ஆண்டு முழுதும் வாழத் தெரிந்த மக்கள், இன்று மாலை என்று சொன்னால் மட்டும் அறிவிழந்து போவார்கள் என்று எண்ணியது, மக்களைப் பற்றிய இரக்கத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னது பொய்த்துவிட்டால் துறையின் பெயர் கெடும் என்னும் கவலை, மக்கள்மீதுள்ள பரிவின் ஆடையை எடுத்து உடுத்திக்கொண்டிருந்தது. அலுவலகங்களில் மட்டுமன்று, குடும்பங்களிலும் இவ்வாடை மாற்றம் நிகழ்வதுண்டு.

டிங்கர் தளத்துக்குத் திரும்புவோம். ஃபாபுஷும் மில்லரும் மூன்று நாட்களாகப் பழைய சுழற்புயல் நாட்களின் வரைபடங்களைப் பரப்பி வைத்து, அவற்றுக்கிடையே பொதுவாக உள்ளது எது என்று தேடினர். மார்ச் 25ஆம் நாள் காலை, அன்றைய வரைபடத்தைக் கண்டு திடுக்கிட்டனர்; 20ஆம் நாளின் வரைபடத்தை அது அப்படியே ஒத்திருந்தது. தளபதி வந்து கேட்டார். ஐந்து நாட்களுக்குள் அதே இடத்தை மீண்டும் ஒரு சுழற்புயல் தாக்குவதற்குரிய வாய்ப்பு, இரண்டு கோடியில் ஒன்று என்பது போன்றதே என்று மில்லர் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பில் சொல்கிறார். இருவரும் தயங்கினர். இரண்டும் ஒன்றுபோல் இருக்குமானால் முன்னறிவிப்பும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும் என்பது தளபதியின் நேரான கருத்து. பிற்பகல் 2.50 மணியளவில் டொர்னாடோ முன்னறிவிப்பு வெளியிடப்பட்டது. விமானங்கள் கூடங்களுக்குள் இழுத்து அடைக்கப்பட்டன. ஆட்கள் காப்பான கட்டடங்களுக்கு மாற்றப்பட்டனர்.

மாலையில் புயல்முகில்கள் அண்டையிலிருந்த விமான நிலையத்தைக் கடந்தன. அங்கே சிறு ஆலங்கட்டியும் சாதாரணக் காற்றும்தான். எல்லாம் பொய்த்ததென்று மில்லர் மனமுடைந்து வீட்டுக்குப் போய்விட்டார். 6 மணியளவில் சுழற்புயல் தளத்தைத் தாக்கியது. வானொலி கேட்டே அவர் அதனை அறிந்தார். இழப்பு ஏறக்குறைய 60 லட்சம் டாலர். உயிர்ச்சேதம் இல்லை.

இதில் இருவரின் திறமைக்குப் பங்கு எவ்வளவு, தற்செயலுக்குப் பங்கு எவ்வளவு என்று கேட்கலாம். தற்செயலுக்கே பெரும்பங்கு. அன்று மாலை புயல் வந்திராவிட்டால் அவர்கள் நகைப்புக்கு ஆளாகியிருப்பர். ஆனால் நம் வினாவுக்கு அது விடையன்று. 2.50 மணிக்கு அவர்கள் செய்தது சரியா என்பதை 6 மணிக்கு நிகழ்ந்ததைக் கொண்டு தீர்ப்பது அறநூலாரின் முறையன்று. புயல் வராது ஒழிந்திருந்தாலும், அவர்கள் சொன்னது சரியே என்பது என் துணிபு.

முன்சொன்ன படித்தரங்களை இங்கே பொருத்திப் பாருங்கள். நூறில் 28 என்றால் அது யகீன் அன்று, ளன்னும் அன்று, ஷக்கின் சமநிலைக்குக் கூட எட்டாத வஹ்ம். நம்பிக்கைக்குரிய தராசில் அதற்கு எடையே இல்லை. ஆனால் செயலின் தராசு வேறு. அதில் நிகழக்கூடுமா என்பதோடு, நிகழ்ந்தால் என்ன ஆகும் என்பதும், தவிர்க்க ஆகும் செலவு என்ன என்பதும் சேர்த்து வைக்கப்படுகின்றன. விமானத்தைக் கூடத்துக்குள் தள்ள ஒரு மணி நேர உழைப்பு. தள்ளாவிட்டால் ஒரு கோடி டாலர். நிலவறையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் சோறு ஆறிப்போகும். உட்காராவிட்டால் பிள்ளை இல்லை.

எனின், ஐயத்தோடு அறிந்ததையெல்லாம் அம்பலப்படுத்தலாம் என்று எவரேனும் இதிலிருந்து முடிவு கட்டினால், நான் அவருடன் உடன்படமாட்டேன். காற்றுக்கு மானமில்லை. அதனைப் பற்றி ஒரு பொய்யான எச்சரிக்கை சொன்னால் காற்று தலைகுனியாது. அதன் பெண்ணுக்கு வரன் தட்டிப் போகாது. மனிதரைப் பற்றிய ஐயமோ அப்படியன்று. ஒருவர் கடனில் மூழ்கியிருப்பதாகத் தெரிகிறது, ஒருவரது நடத்தை சரியில்லை போலும் என்று நூறில் 28 பங்கு அறிவோடு பேசுவோருக்கு டிங்கர் தளத்து அதிகாரிகள் முன்மாதிரி ஆகமாட்டார்கள். அங்கே எச்சரிக்கை பிழையானால் அதன் விலையைக் கொடுப்பவன், பேச்சில் கலந்துகொள்ளாத மூன்றாமவன்.

பீதி என்பதும் முழுக் கற்பனையன்று. அமெரிக்க வானிலைத் துறையின் தலைவர் ரைக்கல்டர்ஃபர் 1950 ஜூலையில் பழைய தயக்கத்தை நீக்கிச் சுற்றறிக்கை விடுத்தார். 1952 முதல் பொதுமக்களுக்கும் முன்னறிவிப்பு வரலாயிற்று. அதன்பின் பிழைத்த உயிர்கள் கணக்கற்றவை. எனினும், 2013 மே 20இல் ஒக்லஹோமாவின் மூர் நகரில் 24 பேர் மாண்ட அதிர்ச்சி ஆறுமுன், மே 31ஆம் நாள் எல் ரீனோ அருகே ஒரு மாபெரும் சுழற்புயல் எழுந்தது. எச்சரிக்கை கேட்ட மக்களில் பலர் வீட்டில் ஒதுங்காமல் கார்களில் ஏறிச் சாலைகளை அடைத்துக்கொண்டு நின்றனர். அப்புயலில் இறந்த எட்டுப் பேரும் வாகனங்களில் இருந்தவர்கள். வடிகால்களில் பதுங்கிய வேறு சிலரை மழைவெள்ளம் கொண்டுபோயிற்று. புயல் நகரத்தின் நடுவே புகுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவும் நெஞ்சு நடுங்குகிறது.

1905இன் அதிகாரிகள் உயிரோடிருந்தால் இதனைச் சுட்டிக்காட்டியிருப்பர். அவர்களுக்கு நான் கூறும் மறுமொழி, சொன்னதில் குறையில்லை, சொல்லும் விதத்திலும் கேட்கும் விதத்திலும் இன்னும் பயிற்சி தேவை என்பதே. இன்று அங்கே இரு படிகளாக அறிவிக்கின்றனர். புயலுக்கு ஏற்ற சூழ்நிலை உண்டு, விழித்திருங்கள் என்பது ஒன்று. புயல் எழுந்துவிட்டது அல்லது எழும் நிலையில் உள்ளது, ஒதுங்குங்கள் என்பது மற்றொன்று. தெரிந்ததன் அளவை மறைக்காமல் தெரிந்ததைச் சொல்லும் முறை இது. இருந்தும், ஒதுங்குங்கள் என்னும் இரண்டாம் எச்சரிக்கைகளில் பத்துக்கு ஏழு அளவில் புயலின்றியே கழிகின்றன. மூன்று முறை வீணாக நிலவறைக்கு இறங்கிய குடும்பத் தலைவன் நான்காம் முறை சலித்துக்கொண்டால், அவனை எளிதில் பழிக்க முடியுமா? அவனுடைய நம்பிக்கை என்னும் முதல் ஒவ்வொரு முறையும் சிறிது செலவாகிறது. அதனை நினைவிற்கொண்டே எச்சரிப்பவர் வாய் திறக்க வேண்டியிருக்கிறது.

ஒக்லஹோமா நகரில் சனிக்கிழமைதோறும் நண்பகலில் அபாயச்சங்கை ஊதிச் சோதித்துப் பார்க்கின்றனர். ஊரார் எவரும் அப்போது ஓடுவதில்லை. மேகம் சூழ்ந்து வானம் நம்பத்தகாததாக இருக்கும் சனிக்கிழமைகளில் மட்டும் அந்தச் சோதனையை நிறுத்தி வைக்கின்றனர்.