பேசாதது போல் பேசுதல்

1945 ஆகஸ்டில் மாஸ்கோவில், சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதர் இல்லத்துச் சுவரில் ஏறக்குறைய ஏழு வருஷம் அது தொங்கியது. உள்ளே ஒட்டுக்கேட்கும் கருவி. பாட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அறையின் பேச்சுக்கேற்ப அதை மாற்றித் திருப்பி அனுப்பும். அலை நின்றால் வெறும் உலோகம். சோதனையிட்டவர்களுக்கு எதுவும் அகப்படவில்லை. 1952-ல், அப்போதைய தூதர் கென்னன் பழைய அறிக்கையொன்றைப் புதியதுபோல் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்க, தேடியவர்கள் அதைப் பிடித்தார்கள். பொய் மௌனத்தைப் பிடிக்கப் பொய்ப் பேச்சு வேண்டியிருந்தது.

சங்கேதத்தில் எழுதுகிறவன், உனக்குச் சொல்ல மாட்டேன் என்பதையாவது சொல்லிவிடுகிறான். பேசுவதையே மறைப்பவன் மௌனத்தின் மீதுள்ள நம்பிக்கையைக் கெடுக்கிறான். முன்னது மறுப்பு, பின்னது பொய் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. பேசுவதே குற்றமான இடத்தில், சங்கேதம் கையில் இருப்பதே தண்டனைக்குப் போதும்.

2013-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார், ஏற்கனவே வெளியில் பரவிக்கிடக்கும் டெலிவிஷன் அலையிலிருந்தே சக்தி எடுத்து, அதையே பிரதிபலித்துப் பேசும் பாட்டரியில்லாத கருவிகளைச் செய்து காட்டினார்கள். மறைப்பது அவர்கள் நோக்கமல்ல. ஆனால் மறைய விரும்புகிறவனுக்கு இதில் ஒரு வழி இருக்கிறது. அதே வருஷம் வெளியான ஒரு கணித முடிவு அதன் விலையைச் சொல்கிறது: இரைச்சலில் ஒளிந்து பேசுகிறவன் நூறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டாலும் பத்து மடங்குதான் சொல்ல முடியும். மீறினால் அகப்படுவான்.

ஆகவே மறைவை வைத்து எதையும் தீர்ப்பிட முடியாது என்று எனக்குப் படுகிறது. கேட்க வேண்டியவை இரண்டு: யாருடைய சொல்? யாருடைய சக்தி? முத்திரைக்குள்ளிருந்து போனது பிறர் சொல். போக வைத்தது ஒரு அரசின் சக்தி. அந்தக் கருவியை அமைத்த தெரமினே 1939-ல் கைதாகி, சிறை ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர். அவரும் பிறர் விரும்பியபோது இயங்க வேண்டியிருந்தது. எவருக்கும் நஷ்டமில்லாத அலையை எடுத்து, தன் சொல்லையே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறவனை இதோடு சேர்க்க முடியாது.

ஆனால் கண்டுபிடிக்கும் கருவிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முதலாமவனுக்குப் பயந்து அதை நாம் கேட்டு வாங்கும்போது, இரண்டாமவனுக்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறோம்.