மருளும் தெருளும்: பொதுவிட வன்முறையும் மனநோய் குறித்த இழிநோக்கும்

ஐதராபாத் நகரின் ஒரு பகுதி எர்ரகட்டா. அரசு மனநல மருத்துவமனை அங்கு அமைந்திருப்பதால் அவ்வூர்ப்பெயர் அந்நகர மக்களின் வழக்கிலும் தெலுங்குத் திரைப்பட நகைச்சுவையிலும் வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. சென்னைக் கீழ்ப்பாக்கத்திற்கு நேர்ந்ததும் இதுவே. நோய் தீர்க்கும் இடத்தின் பெயர் இழிசொல்லாவதற்கு வேறெந்த நோயும் காரணமாவதில்லை. புற்றுநோய் மருத்துவமனை இருப்பதால் அடையாற்றின் பெயரை யாரும் வசையாக்கவில்லை. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வழக்கு, பொதுவிடத்தில் ஒரு கொடுஞ்செயல் நிகழும்போது அச்சமாக உருமாறுகிறது. அவ்வுருமாற்றத்தின் அறச்சிக்கலை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்குரிய நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனைச் சுட்டுகிறது. பிணியை இளிவரலின் கீழ் வைக்கிறது. அச்சத்திற்கு அது கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. பிணி அவற்றுள் இல்லை என்பது கருதத்தக்கது. பிணியுற்றவனைக் கண்டு எள்ளுவதற்கும் அருவருப்பதற்கும் மனித இயல்பில் இடமிருப்பதை அறிந்த இலக்கண ஆசிரியர், அவனை அஞ்சத்தக்கவனாக வகுக்கவில்லை.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. எருக்கமாலை அணிந்து, கந்தலும் சுள்ளியும் உடுத்து, அழுதும் விழுந்தும் அரற்றியும் தன் நிழலோடு பிணங்கியும் புகார் நகரத் தெருவில் ஒருவன் திரிகிறான். அவன் பின்னே மக்கள் கூடுகின்றனர். ஆயின் அவர்கள் கல்லெறிவதில்லை. அவனுடைய துன்பத்தைக் கண்டு வருந்தி நிற்கின்றனர் என்றே சாத்தனார் காட்டுகிறார். இதனைக் கொண்டு பண்டைத் தமிழ்ச் சமூகம் முழுதும் அருளுடையதாக விளங்கிற்று எனக் கூறிவிட இயலாது. அவ்வாறு கூறுவது நம் துறையில் எளிதில் நேரும் பிழை. வருந்தி நிற்கும் கூட்டம் என்பது ஒரு புலவரின் கற்பனைக்கேனும் எட்டிய பொருளாக இருந்தது என்ற அளவில் கொள்ளலாம்.

2018ஆம் ஆண்டின் கூட்டங்கள் வேறு வகையின. பிப்ரவரி 22 அன்று கேரளத்தின் அட்டப்பாடியில், மனநலம் குன்றிக் காட்டில் தனித்து வாழ்ந்துவந்த மது என்னும் பழங்குடி இளைஞர் அரிசி திருடினார் என்று கூறிப் பிடிக்கப்பட்டார். கைகள் கட்டப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். கட்டுண்டு நின்ற அவரோடு ஒருவர் தற்படமும் எடுத்துக்கொண்டார். அவ்வாண்டு மே மாதத்தில் குழந்தை கடத்துவோர் பற்றிய வதந்தி கைப்பேசி வழியே தென்மாநிலங்களில் பரவியது. திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் மனநலம் குன்றிய, வீடற்ற ஒருவர் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அம்மாத இறுதியில் ஐதராபாத்தின் சந்திராயன்குட்டாவில் அதே வதந்தியால் திருநங்கை ஒருவர் கூட்டத்தால் கொல்லப்பட்டார்.

இறுதியில் கூறிய நிகழ்வு மனநோய் பற்றியதன்று. ஆயினும் மூன்றையும் இணைப்பது ஒன்றுண்டு. கூட்டம் நோயாளியை நோயாளியாகவோ, திருநங்கையைத் திருநங்கையாகவோ கொல்லவில்லை. முதலில் கள்வராக்கிப் பின்பே கொன்றது. அச்சத்தின் நிலைக்களன்களுள் பிணிக்கு இடமில்லாதபோது, பிணியுற்றவரைக் கள்வர் என்னும் மற்றொரு நிலைக்களனுக்குள் தள்ளியாக வேண்டியிருக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண்ணோடு கண் நோக்காமை, வினாவிற்கு விடையின்மை, கைகளை இடைவிடாது அசைத்தல், திடீரென ஓடுதல் ஆகியன ஆட்டிசம் உடையோர் பலரிடம் இயல்பாகக் காணப்படுவன. சந்தேகத்தோடு நோக்கும் கண்ணுக்கு இவையனைத்தும் கள்வனின் குறிகளாகத் தோன்றும். பேச்சால் தன்னை விளக்க இயலாதவர் இத்தகைய கூட்டத்தின் நடுவே வாதமின்றியே தீர்ப்புப் பெறுகிறார்.

ஆட்டிசம் நோயன்று, மூளை வளர்ச்சியின் ஒரு வேறுபாடு. இரண்டும் குழம்பியதற்கு அச்சொல்லின் வரலாறும் ஒரு காரணம் எனலாம். 1911இல் வெளிவந்த தம் நூலில் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் அதனை மனப்பிளவு நோயின் ஓர் அறிகுறிக்குப் பயன்படுத்தினார். 1943இல் லியோ கானர் தாம் கண்ட குழந்தைகளின் தனித்தன்மையைக் குறிக்க அச்சொல்லையே எடுத்தாண்டார். இந்தியச் சட்டம் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்திலேயே ஆட்டிசத்தைத் தனித்துப் பெயரிட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதனை வேறாகவே வகைப்படுத்துகிறது. செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 1984 முதல் எர்ரகட்டா மருத்துவமனையினின்றும் வேறாக இயங்கிவருகிறது. தெருவின் பேச்சில் இவை யாவும் ஒன்றே.

வன்முறை செய்தவர் தனியொருவராயின் சமூகத்தின் வினா முற்றிலும் மாறிவிடுகிறது. 2012 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் பெரியவர் அறுவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிக்கு ஆட்டிசம் சார்ந்த குறைபாடு இருந்தது என்ற செய்தி உடனடியாகப் பரவியது. இரண்டாண்டுகளுக்குப் பின் கனெக்டிகட் மாநிலக் குழந்தைகள் நல அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அவருடைய குறைபாடுகளிலிருந்து அக்கொலைகளுக்கு நேரடிக் காரணக் கோடு எதனையும் வரைய இயலாது என்றது. முதற்செய்தி சென்ற தொலைவிற்கு அறிக்கை செல்லவில்லை. மனநோயுற்றோர் வன்முறை செய்வதினும் வன்முறைக்கு ஆளாவதே மிகுதி என ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருவதும் இவ்வகையில் மறக்கப்படுகிறது.

தனியொருவர் கொன்றால் அவர் மனத்தில் என்ன நோய் என்று வினவும் சமூகம், நூறுபேர் கூடிக் கொன்றால் அந்நூறுபேரின் மனநலம் பற்றி வினவுவதில்லை. வதந்தி வினவப்படுகிறது, கைப்பேசி வினவப்படுகிறது. கூட்டத்தினர் தெளிந்த மனத்தினர் என்பது எவ்விதச் சான்றுமின்றி ஏற்கப்படுகிறது. அட்டப்பாடி வழக்கில் 2023 ஏப்ரலில் பதினால்வர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அவர்களுள் பதின்மூவர் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றனர். அவர்களைக் கண்டு எவரும் ஓர் ஊரின் பெயரை வசையாக்கவில்லை. ஒருவகையில் நோய்ப்பெயர் சமூகத்திற்குத் தரும் விடுதலைப் பத்திரம் அது: கொன்றவன் நம்மவன் அல்லன் என்பதற்கான சான்று. நம்மவர் கொல்லும்போது அப்பத்திரம் தேவைப்படுவதில்லை.

குற்றவாளியின் மனநிலையை ஆராய்வது தவறா என இங்கு வினவலாம். தவறன்று. மனநிலை திரிந்து, தான் செய்வது இன்னதென்று அறியாதவர் செய்த செயல் குற்றமாகாது என இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு வகுத்திருந்தது; பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவும் அதனையே தொடர்கிறது. நீதிமன்றம் அவ்வினாவை ஒருவரைக் காப்பதற்காக, அவர் ஒருவரைப் பற்றி மட்டுமே எழுப்புகிறது. சமூகமோ அதே விடையை அந்நோயுடைய அனைவர் மீதும் ஏற்றுகிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பற்றியபோது 28 மனநோயாளிகள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த நிலையில் எரிந்து மாண்டனர். அச்சங்கிலிகளைப் பூட்டியவர்கள் அவற்றைப் பாதுகாப்பு என்றே கருதினர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடைசெய்துவிட்டது. இன்று ஆட்டிசம் உடைய பிள்ளையை வெளியே அழைத்துச்செல்லும் பெற்றோர் முன் மற்றொரு தேர்வு நிற்கிறது. பிள்ளையின் நிலையை எழுதிய அட்டையைக் கழுத்தில் அணிவித்தால் கூட்டத்தின் சினம் சற்றுத் தணியக்கூடும். அணிவித்த கணமே எர்ரகட்டா என்னும் ஏளனத்திற்கும் அப்பிள்ளை உரியதாகும். அணிவிக்காவிடில் ஏளனம் இல்லை. கள்வன் என்று ஒருவர் கூவும் கணத்தில் காப்பும் இல்லை. தான் தீங்கற்றவன் என்பதை எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்குமாறு அதே தெருவில் செல்லும் வேறெவரையும் எவரும் கேட்பதில்லை.